எதிரியின் உயிருக்கு ஒரு விலை

12-ஆம் நூற்றாண்டின் நடுவில் இங்கிலாந்தின் பெரும் பிரபுக்கள் இருவர், செஸ்டர் எர்ல் ரனுல்ஃபும் லெஸ்டர் எர்ல் ராபர்ட்டும், தங்களுக்குள் ஓர் ஒப்பந்தம் எழுதிக்கொண்டார்கள். நாடு அப்போது உள்நாட்டுப் போரில் சிக்கிக் கிடந்தது. 1135-இல் மன்னர் முதலாம் ஹென்றி இறந்தபோது சட்டப்படியான மகன் யாரும் உயிரோடு இல்லை. மகள் மட்டில்டாவும் சகோதரி மகன் ஸ்டீபனும் அரியணைக்காக மோதினார்கள். நாட்டின் பிரபுக்கள் இரண்டாகப் பிரிந்து நின்றார்கள். இந்த எர்ல்கள் இருவரும் பெரும்பாலும் எதிரெதிர் அணியில் இருந்தவர்கள், நிலத்தால் அக்கம்பக்கத்தவர்கள். அவர்கள் எழுதிக்கொண்டது இதுதான்: 15 நாள் முன்கூட்டியே சொல்லாமல் ஒருவர்மீது ஒருவர் பாயக்கூடாது. தங்கள் தலைவர் வற்புறுத்தி, மறுக்க வழியில்லாமல் சண்டைக்கு வர நேர்ந்தாலும் ஆளுக்கு 20 நைட்டுகளுக்கு மேல் அழைத்து வரக்கூடாது. அந்தச் சண்டையில் எதையாவது பறித்துக்கொண்டால் அதையும் பிறகு திருப்பிக் கொடுத்துவிட வேண்டும்.

சண்டைக்குப் போவோம், ஆனால் அளவோடு போவோம் என்று எழுதி வைத்துக்கொண்டு போன இந்த மனிதர்கள், நாம் கதைகளிலும் திரைப்படங்களிலும் பார்த்த நைட்டுக்குக் கொஞ்சமும் பொருந்தவில்லை. அங்கே அவன் கவசம் பூண்டு, குதிரையேறி, கொன்று குவிப்பவன். அவன் வாழ்ந்த காலத்தின் ஆவணங்களைப் பார்த்தால் வேறு ஆள் தெரிகிறான். உள்நாட்டுப் போரில் ஒரு நைட்டின் பிழைப்பு, எதிரணியில் இருக்கும் இன்னொரு நைட்டை உயிரோடு விட்டு வைப்பதில்தான் இருந்தது என்பேன். இதற்குக் கருணை காரணமில்லை. இன்று எதிரில் நிற்பவன் நாளை பக்கத்து நிலத்துக்காரன், மனைவியின் உறவினன், அதே அரசவையில் அருகே உட்காரப்போகிறவன். அந்தக் கணக்கு தெரிந்தவர்கள் முதுமை வரை வாழ்ந்தார்கள். கணக்கு தப்பியபோது போர் முடியாமல் இழுத்துக்கொண்டே போனது.

வில்லியம் மார்ஷலின் வாழ்க்கையை வைத்து இதைப் பார்க்கலாம். சுமார் 1146-இல் பிறந்து 1219-இல் இறந்த இவரளவுக்கு விவரமாக வாழ்க்கை பதிவான நைட் அந்தக் காலத்தில் வேறு யாருமில்லை. அவர் பிறந்ததே ஒரு சமரசத்தின் விளைவு. தந்தை ஜான் மார்ஷல், மட்டில்டாவின் அணியில் நின்ற முரட்டு ஆள். எரியும் தேவாலயக் கூரையிலிருந்து உருகி வடிந்த ஈயம் பட்டு ஒரு கண்ணை இழந்தவர். சால்ஸ்பரியின் பேட்ரிக்கோடு அவருக்கு எல்லைத் தகராறு முற்றிக்கொண்டிருந்தது. அதை முடிக்க முதல் மனைவியை விலக்கிவிட்டு பேட்ரிக்கின் சகோதரி சிபிலை மணந்துகொண்டார். அந்தச் சமாதானக் கல்யாணத்தின் பிள்ளைதான் வில்லியம்.

1152-இல் ஸ்டீபன் மன்னர் ஜானின் நியூபரி கோட்டையை முற்றுகையிட்டார். தன் தலைவரிடம் கேட்டுச் சொல்ல அவகாசம் வேண்டும் என்று ஜான் கேட்டார். அதற்குப் பிணையாக ஐந்தாறு வயதுச் சிறுவன் வில்லியமைக் கொடுத்தார். கிடைத்த அவகாசத்தில் கோட்டைக்குள் உணவையும் ஆட்களையும் நிரப்பிக்கொண்டார். பையனைத் தூக்கிலிடுவேன் என்று மன்னர் சொல்லி அனுப்பியபோது, இன்னும் நல்ல பிள்ளைகளைப் பெறும் வலு தனக்கு இருக்கிறது என்று தகப்பன் பதில் சொன்னதாகக் கதை. ஸ்டீபன் தூக்கிலிடவில்லை. பையனைத் தன் கூடாரத்திலேயே வைத்துக்கொண்டார். செடித்தண்டுகளை ஆயுதமாக வைத்து அவனோடு நைட் விளையாட்டு விளையாடினார். இதை ஸ்டீபனின் இளகிய மனதுக்குச் சான்றாகச் சொல்வது வழக்கம். மனம் இளகியதாகவே இருந்திருக்கலாம். ஆனாலும் அந்தப் பையன் சால்ஸ்பரி பேட்ரிக்கின் சகோதரி மகன். தூக்கிலிட்டால் ஒரு கோட்டைக்காக இரண்டு குடும்பங்களின் தீராப்பகை வந்து சேரும். ஜானும் இந்தக் கணக்கைப் போட்டுத்தான் அப்படிப் பேசியிருக்க வேண்டும். அது கல்நெஞ்சுதான், சந்தேகமில்லை. ஆனால் முட்டாள்தனம் இல்லை.

இந்த வழக்கத்துக்கு அடியில் பணமும் இருந்தது. ஒரு நைட்டுக்குத் தேவையான பயிற்சி பெற்ற போர்க்குதிரை, சங்கிலிக் கவசம், தலைக்கவசம், வாள், உதவிக்கு ஆள், பயணத்துக்கு வேறு குதிரை எல்லாமே விலை கூடியவை. மூத்த மகன்களுக்கே நிலம் போய்விடும் என்பதால் நான்காம் மகனான வில்லியமுக்கு எதுவும் வரவில்லை. நார்மண்டியில் டாங்கர்வில் பிரபுவின் வீட்டில் வளர்ந்து, அங்கேயே நைட் ஆனார். முதல் சண்டையில், 1167 வாக்கில், வீரமாகப் போராடித் தன் குதிரையையும் இழந்தார். அன்றிரவு விருந்தில் எசெக்ஸ் எர்ல் எல்லோர் முன்பும் அவரிடம் ஒரு குதிரைச் சேணப்பட்டையைப் பரிசாகக் கேட்டார். தன்னிடம் அப்படி எதுவுமில்லையே என்று இளைஞர் விழித்தபோது, இன்று 40, 60 கிடைத்திருக்குமே என்று எர்ல் சிரித்தார். கிண்டலுக்குள் பாடம் இருந்தது. எத்தனை பேரை வீழ்த்தினாய் என்பதைவிட எத்தனை பேரைப் பிடித்தாய், எதைக் கொண்டு வந்தாய் என்பதுதான் தொழிலின் அளவுகோல். மார்ஷல் விரைவில் கற்றுக்கொண்டார். அந்தக் காலத்து டோர்னமென்ட் என்பது இருவர் எதிரெதிராக ஈட்டி நீட்டி ஓடும் காட்சி விளையாட்டாக இருக்கவில்லை. ஊர்களும் வயல்களும் அடங்கிய பரந்த வெளியில் அணி அணியாக மோதி, எதிரியைப் பிடித்து, குதிரையையும் மீட்புத்தொகையையும் பெறும் வியாபாரம். இன்னொரு நைட்டோடு கூட்டுச் சேர்ந்து ஒரே பருவத்தில் 103 பேரை அவர் பிடித்ததாக எழுத்தர் ஒருவர் கணக்கு வைத்திருந்தார். செத்தவன் மீட்புத்தொகை தருவதில்லை என்பதை அவர்களுக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

பணத்தாசையை நாகரிகமாகச் சொன்னால் கட்டுப்பாடு, அவ்வளவுதானே என்று கேட்கலாம். பாதி சரி. ஆனால் பணம் மட்டுமே காரணமென்றால், மீட்புத்தொகை எதிர்பார்க்க முடியாத இடங்களிலும் இதே கட்டுப்பாடு ஏன் தெரிகிறது? 1215-இல் ரோச்செஸ்டர் கோட்டை முற்றுகையைப் பார்க்கலாம். ஜூன் மாதம் ரன்னிமீடில் பிரபுக்கள் கேட்ட உரிமைப் பட்டயமான மாக்னா கார்ட்டாவுக்கு ஒப்புதல் தந்த ஜான் மன்னர், ஆகஸ்டில் போப்பைக் கொண்டு அதைச் செல்லாததாக்கினார். கலகப் பிரபுக்கள் ரோச்செஸ்டரைப் பிடித்துக்கொண்டார்கள். ஜான் ஏழு வாரம் முற்றுகையிட்டார். கோபுரத்தின் மூலைக்கு அடியில் சுரங்கம் தோண்டி, முட்டுக்கட்டைகளை எரிக்க 40 கொழுத்த பன்றிகளை அனுப்பச் சொல்லி அவர் எழுதிய உத்தரவு இன்றும் இருக்கிறது. மூலை சரிந்தது. (சதுரக் கோபுரத்தில் அந்த ஒரு மூலையை மட்டும் பின்னால் வட்டமாகக் கட்டியிருக்கிறார்கள், இன்றும் பார்க்கலாம்.) உள்ளே பட்டினியில் குதிரைகளைத் தின்றுகொண்டிருந்தவர்கள் சரணடைந்தார்கள். செலவும் கோபமும் தலைக்கேறிய ஜான், நைட்டுகள் உட்பட அத்தனை பேரையும் தூக்கிலிடப் பார்த்தார். தடுத்தது அவருடைய சொந்தத் தளபதி சவாரி டி மோலியோன். இன்று நாம் இவர்களைத் தூக்கிலிட்டால் நாளை நம்மில் யாராவது பிடிபடும்போது அதே கதிதான், அதற்குப் பிறகு உங்களுக்காக யார் சண்டைக்கு வருவார்கள் என்பது அவர் வாதம். ஜான் அடங்கினார். ஒரு வரலாற்றேட்டின்படி, சிறுவயதிலிருந்து தன்னிடம் வளர்ந்து பிறகு எதிரணிக்குப் போன குறுக்குவில் வீரன் ஒருவன் மட்டுமே தூக்கிலிடப்பட்டான். சவாரி பேசியதில் பணம் வரவில்லை. தன் கழுத்தைப் பற்றித்தான் பேசினார்.

விசுவாசத்தையும் இந்த வெளிச்சத்தில்தான் பார்க்க வேண்டும். மார்ஷல் தன் வாழ்நாளில் ஐந்து மன்னர்களுக்கு ஊழியம் செய்தார். அவர்களில் இருவரை ஒருகாலத்தில் ஆயுதத்தோடு எதிர்த்தும் நின்றார். 1173-இல் மட்டில்டாவின் மகனான மன்னர் இரண்டாம் ஹென்றிக்கு எதிராக அவருடைய மகனே கலகம் செய்தபோது மார்ஷல் மகன் பக்கம். 1189-இல் கிழட்டு ஹென்றி தோற்று ஓடியபோது மார்ஷல் அவர் பக்கம். துரத்திவந்த இளவரசர் ரிச்சர்டின் குதிரையை ஈட்டியால் குத்திச் சாய்த்தார், ரிச்சர்டைக் குத்தவில்லை. சில வாரங்களில் ரிச்சர்ட் மன்னரானார். மார்ஷலுக்குத் தண்டனை வரும் என்று எல்லோரும் நினைத்திருக்க, வேல்ஸ் எல்லையிலும் அயர்லாந்திலும் பெரும் நிலங்களுக்கு வாரிசான இசபெல் டி கிளேரை அவருக்கு மணமுடித்துக் கொடுத்தார். குடும்ப நிலம் எதுவும் கிடைக்காத நான்காம் மகன் ஒரே நாளில் பெரும்பிரபு ஆனார். இவரைப் பச்சோந்தி என்று சொல்லிவிடுவது சுலபம். அந்தக் காலத்துக் கண்கள் அப்படிப் பார்க்கவில்லை. யாருடைய சோற்றைத் தின்கிறாயோ, யாருடைய கைகளுக்குள் உன் கைகளை வைத்துச் சத்தியம் செய்தாயோ, அவன் தோற்கும் கடைசி நிமிடம் வரை விலகாமல் இருந்தாயா என்பதே கேள்வி. தோற்றுப்போன தன் தகப்பனைக் கைவிடாதவன் தன்னையும் கைவிடமாட்டான் என்று ரிச்சர்ட் எடைபோட்டார். குதிரையோடு நின்றுவிட்ட அந்த ஈட்டி இல்லாவிட்டால் அப்படி எடைபோட யாரும் உயிரோடு இருந்திருக்க மாட்டார்கள்.

ரிச்சர்டுக்குப் பின் வந்த ஜான் மன்னரோடு மார்ஷலுக்குப் பல ஆண்டுகள் ஒத்துப்போகவில்லை. ஜான் அவருடைய இரண்டு மகன்களைப் பிணைக்கைதிகளாக வாங்கி வைத்தார், அயர்லாந்து நிலங்களில் தொல்லை கொடுத்தார். இருந்தும் 1215-இல் மார்ஷல் மன்னர் பக்கமே நின்றார். அவருடைய மூத்த மகன், இளைய வில்லியம், எதிர்ப்பக்கம். மாக்னா கார்ட்டாவைக் காக்க நியமிக்கப்பட்ட 25 பிரபுக்களில் ஒருவர். யார் ஜெயித்தாலும் குடும்ப நிலம் போகாது என்ற ஏற்பாடா இது? திட்டமிட்டே பிரிந்தார்கள் என்று சொல்ல ஆதாரமில்லை. ஆனால் இப்படிப் பிரிந்து நிற்பது எந்தக் குடும்பத்தையும் அழிக்காத அளவில்தான் அந்தப் போர் நடந்தது. ஜானின் தந்தைவழிச் சகோதரரான சால்ஸ்பரி எர்ல்கூட 1216-இல், கலகக்காரர்கள் அரியணைக்கு அழைத்த பிரெஞ்சு இளவரசர் லூயியின் பக்கம் போய், மறு ஆண்டு திரும்பி வந்தார்.

1216 அக்டோபரில் ஜான் நியூவார்க்கில் இறந்தார். பாதி நாடு, லண்டன் உட்பட, லூயியின் கையில். வாரிசு ஒன்பது வயதுச் சிறுவன் மூன்றாம் ஹென்றி. கஜானா காலி. சுமார் 70 வயதான மார்ஷல் நாட்டைக் காக்கும் பொறுப்பை ஏற்றார். அவர் எடுத்த முதல் பெரிய நடவடிக்கை படையெடுப்பு இல்லை. நவம்பரிலேயே, போப்பின் தூதர் குவாலாவோடு சேர்ந்து, எந்த மாக்னா கார்ட்டாவுக்காக எதிரிகள் ஆயுதம் எடுத்தார்களோ அதையே சில திருத்தங்களோடு சிறுவன் மன்னரின் பெயரில் மறுபடி வெளியிட்டார். திரும்பி வருகிறவர்களுக்கு நிலம் திரும்பக் கிடைக்கும் என்றும் அறிவித்தார்கள். ஒவ்வொருவராக வரத் தொடங்கினார்கள். 1217 வசந்தத்தில் மகன் வில்லியமும் வந்தார். எதிரணியில் இருந்தவர்கள் அதற்கு முந்தைய இரண்டு ஆண்டுகளில் கொல்லப்பட்டிருந்தால் இந்த அழைப்பைக் கேட்க ஆள் இருந்திருக்காது.

முடிவான மோதல் 1217 மே 20 அன்று லிங்கன் நகரில். கோட்டையை மன்னருக்காகக் காத்து நின்றவர் நிக்கோலா டி லா ஹே என்ற முதிய பெண்மணி, நகரம் கலகக்காரர்களிடம். மார்ஷல் சுமார் 400 நைட்டுகளோடு வந்தார். ஆவேசத்தில் தலைக்கவசம் போட மறந்து கிளம்பிவிட்டு, நினைவூட்டியதும் திரும்பிப் போய் மாட்டிக்கொண்டு வந்தார் என்று அவர் வரலாறு சொல்கிறது. குறுகலான தெருக்களில் நாள் பாதிக்குச் சண்டை நடந்தது. பிரெஞ்சு அணியின் தளபதி பெர்ஷ் கோமகன் தோமா, மார்ஷலின் தலையில் மூன்று முறை ஓங்கி அடித்துவிட்டுச் சரிந்தார். மயங்கிவிட்டார் என்று நினைத்துத் தலைக்கவசத்தைக் கழற்றியபோதுதான், கண்துளை வழியே ஈட்டி முனை பாய்ந்து அவர் இறந்தது தெரிந்தது. இரு தரப்பும் வருந்தியதாகப் பதிவு. அவர் சால்ஸ்பரி வழியில் மார்ஷலுக்கே உறவு. துறவி ரோஜர் ஆஃப் வெண்டோவரின் கணக்கில், உள்நாட்டுப் போரின் தலைவிதியைத் தீர்த்த அந்த நாளில் குறிப்பிடத்தக்க சாவு மூன்று. பிடிபட்ட நைட்டுகள் சுமார் 300.

ஆனால் அதே துறவி அடுத்து எழுதுவதையும் படிக்க வேண்டும். வென்றவர்கள் நகரத்தைச் சூறையாடினார்கள். தேவாலயங்களின் பெட்டிகளைக் கோடாலியால் உடைத்தார்கள். மானத்துக்கு அஞ்சிய பெண்கள் குழந்தைகளோடு சிறு படகுகளில் ஏறி ஆற்றில் தப்பப் பார்த்தார்கள். பாரம் தாங்காமலும் ஓட்டத் தெரியாமலும் படகுகள் கவிழ்ந்தன. நைட்டுகள் அந்த நாளுக்கு லிங்கன் சந்தை என்று வேடிக்கையாகப் பெயர் வைத்தார்கள். மூன்று மாதம் கழித்து சான்ட்விச் கடற்போரிலும் இதுவே: பிடிபட்ட பிரெஞ்சு நைட்டுகள் மீட்புத்தொகைக்காகப் பத்திரம், சாதாரண மாலுமிகளும் படையாட்களும் வெட்டிக் கடலில் வீசப்பட்டார்கள். ஸ்டீபன் காலத்தில் பீட்டர்பரோ மடத்து வரலாற்றேடு கோட்டைக்காரர்கள் கிராமத்தாரைப் பிடித்துச் சித்திரவதை செய்து பணம் பறித்ததையும், காப்புக்காசு என்று ஊருக்கு ஊர் வரி வாங்கியதையும் விரிவாகச் சொல்கிறது. எதிரிப் பிரபுவை நேரே கொல்ல முடியாது, கூடாது. அவனுடைய வருமானத்தைக் கொல்லலாம். வருமானம் என்பது உழுகிறவர்களின் தானியமும் மாடும் வீடும்தான். ஆகவே நைட்டுகளுக்கிடையே இருந்த கட்டுப்பாடு போரின் கொடுமையைக் குறைத்தது என்று நான் சொல்லவில்லை. அது கொடுமையை வேறு தலைகளுக்கு மாற்றிவிட்டது. நைட்டுகளின் பெருந்தன்மையைப் புகழும் எழுத்துகளில் இந்தப் பக்கம் விடுபட்டுப்போவது எனக்கு உறுத்துகிறது.

மார்ஷலைப் பற்றி நமக்குத் தெரிந்ததில் பெரும்பகுதி அவர் இறந்த பிறகு மகனின் செலவில் எழுதப்பட்ட பிரெஞ்சுக் கவிதை வரலாற்றிலிருந்து வருகிறது. 19,000 அடிகளுக்கு மேல். தகப்பன் புகழ் பாட மகன் காசு கொடுத்து எழுதவைத்ததை எப்படி நம்புவது? நம்பத் தேவையில்லாத இடங்கள் அதில் நிறைய உண்டு. கூடாரத்து விளையாட்டு, விருந்துக் கிண்டல் போன்றவற்றை மெருகேற்றிய நினைவுகளாகவே கொள்ளலாம். ஆனால் என் வாதம் அந்தக் கவிதையில் மட்டும் நிற்கவில்லை. செஸ்டர், லெஸ்டர் ஒப்பந்தம் காகிதத்தோலில் எழுதிய சட்ட ஆவணம். ரோச்செஸ்டரையும் லிங்கனையும் எழுதியவர்கள் மார்ஷல் குடும்பத்துக்குக் கடன்படாத மடத்துத் துறவிகள். மகனுக்காகப் பாடிய கவிஞரும் ஜானைச் சகிக்காத துறவியும் ஒரே வழக்கத்தைக் காட்டும்போது, அந்த வழக்கம் இருந்தது என்றுதான் கொள்ள வேண்டும்.

வலுவான மறுப்பு வேறொன்று: 1265 ஆகஸ்ட் 4. அதே மூன்றாம் ஹென்றி வளர்ந்து மூப்படைந்த காலம். கலகத் தலைவர் சைமன் டி மான்ட்ஃபோர்ட் ஓராண்டுக்கு முன் லூயிஸ் போரில் மன்னரையே சிறைபிடித்திருந்தார். (சைமனின் மனைவி, மன்னரின் தங்கை எலினோர், இளைய வில்லியம் மார்ஷலின் விதவை. இந்தப் போர்களில் எந்தப் பக்கம் திரும்பினாலும் உறவு இடிக்கும்.) ஈவ்ஷாமில் இளவரசர் எட்வர்ட் அவரைச் சுற்றி வளைத்தார். இந்த முறை பிடிப்பதற்காக யாரும் வரவில்லை. சைமனைக் கொன்று உடலைத் துண்டாடினார்கள். அவரோடு 30-க்கும் மேற்பட்ட நைட்டுகள் களத்திலேயே வெட்டப்பட்டார்கள். அப்படியானால் கட்டுப்பாடு என்பது வெறும் பழக்கம், வேண்டாம் என்றால் ஒரே காலையில் தூக்கியெறியலாம் என்றுதானே ஆகிறது?

தூக்கியெறியலாம், எறிந்தார்கள். அதற்குப் பிறகு நடந்ததைப் பார்த்தால் அந்தக் கட்டுப்பாடு எதற்காக இருந்தது என்று புரிகிறது. 1217-இல் லிங்கனுக்குப் பிறகு நான்கு மாதத்தில் போர் முடிந்தது. லூயிக்கு 10,000 மார்க் கொடுத்து அனுப்பிவைத்தார்கள், கலகக்காரர்கள் நிலத்தைத் திரும்பப் பெற்றார்கள். பகைவனைப் பணம் கொடுத்து வழியனுப்பியதற்காக மார்ஷல்மீது பின்னாளில் பழிச்சொல்லும் வந்தது. ஈவ்ஷாமுக்குப் பிறகு வென்றவர்கள் பழிச்சொல்லுக்கு இடம் வைக்கவில்லை: கலகக்காரர்களின் நிலம் அத்தனையும் பறிமுதல். விளைவு, தலைவர் செத்தும் போர் சாகவில்லை. இழக்க எதுவும் மிஞ்சாதவர்கள் காடுகளிலும் ஈலி சதுப்புத் தீவிலும் பதுங்கினார்கள். கெனில்வர்த் கோட்டை 1266 கோடையிலிருந்து டிசம்பர் வரை மன்னர் படையை எதிர்த்து நின்றது. அந்த முற்றுகை நடக்கும்போதே, அக்டோபர் 31 அன்று, மன்னர் தரப்பே இறங்கிவந்து கெனில்வர்த் தீர்ப்பை அறிவித்தது: ஆண்டு வருமானத்தைப் போல் சில மடங்கு, பெரும்பாலோருக்கு ஐந்து மடங்கு, செலுத்தினால் நிலத்தை மீட்டுக்கொள்ளலாம். நிலம் இல்லாதவன் நிலத்தை மீட்கப் பணத்துக்கு எங்கே போவான் என்ற கேள்விக்கு அதில் பதிலில்லை. 1267 வசந்தத்தில் குளோஸ்டர் எர்ல் கில்பர்ட் டி கிளேர், ஈவ்ஷாமில் மன்னர் பக்கம் சண்டையிட்டவர், படையோடு லண்டனில் நுழைந்து உட்கார்ந்துகொண்டு அந்தப் பதிலை வாங்கினார். முதலில் நிலத்துக்குள் போகட்டும், பணத்தைப் பிறகு விளைச்சலிலிருந்து கட்டட்டும் என்று மன்னர் ஒப்புக்கொண்டார். ஈவ்ஷாம் நடந்து அப்போது இரண்டு ஆண்டுகள் ஆகப்போகிறது.